கதிர் தீண்டிய இதயம்

ஜேர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள், வில்லெம் றொண்ட்ஜென் என்னும் பௌதிகப் பேராசிரியர் தமது ஆய்வுகூடத்தில் புதியதொரு கதிரைக் கண்டார். கறுத்த தாளால் மூடப்பட்டிருந்த கண்ணாடிக் குழாயினின்றும் புறப்பட்ட அக்கதிர், தாளை ஊடுருவிச் சென்று, சற்றுத் தொலைவில் இருந்த திரையொன்றை ஒளிரச் செய்தது. அதன் இயல்பு இன்னதென அறியப்படாமையால் எக்ஸ் கதிர் என்னும் பெயர் அதற்கு அமைந்தது. சில வாரங்களுள் அவர் தம் மனைவியின் கையெலும்புகளை அக்கதிரின் துணையால் படம் பிடித்தார். அடுத்த ஆண்டிலேயே வைத்தியர்கள் நோயாளரின் மார்பை அக்கதிரால் ஆராய்ந்து, துடிக்கும் இதயத்தின் நிழலைத் திரையிலே கண்டனர். நெஞ்சைப் பிளவாமலே உயிருள்ள மனிதனின் இதயம் இயங்குவதைக் காணும் பேறு அதற்கு முன் எவருக்கும் வாய்த்ததில்லை.

இதயத்தின் நிழலைக் காட்டிய அக்கதிர், அந்த இதயத்தை என்ன செய்தது? இவ்வினாவுக்குச் செம்மையான விடை கிடைக்க ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன. நல்லதொரு விதியிலிருந்து பெறப்பட்ட தவறான முடிவொன்றே அத்தாமதத்துக்குப் பெரிதுங் காரணமாயிற்று. அம்முடிவு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வீழ்ந்தது, அதனால் மக்கள் அடைந்த தீங்கும் பின்னர் பெற்ற நன்மையும் யாவை என்பனவே இப்பேச்சின் பொருளாம்.

கதிரின் தீமை முதன்முதலிற் புலப்பட்டது தோலிலேயாகும். 1896ஆம் ஆண்டில் யுரேனியத்தின் கதிர்வீச்சைக் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பெக்கரெல், 1901ஆம் ஆண்டில் இரேடியம் அடங்கிய சிறு குழாயொன்றைத் தம் சட்டைப்பையில் வைத்திருந்தார். அப்பொழுது அவருக்கு நோவும் இல்லை, சூடும் இல்லை. சில நாள் கழிந்த பின்னரே அப்பையின் நேரே தோல் சிவந்து புண்ணாயிற்று. பியரி கியூரியோ, இரேடியத்தைத் தமது கையிலே வேண்டுமென்றே வைத்துப் பார்த்தார். அவருக்கும் அவ்வாறே புண் தோன்றியது. கதிர் பட்ட பொழுது வேறு, அதன் விளைவு வெளிப்படும் பொழுது வேறு என்னும் உண்மை அன்றே துலங்கிவிட்டது. ஆயினும் அவ்விரு பொழுதுகளுக்கும் இடையே உள்ள காலம் தோலில் நாட்கணக்காகவும், இதயத்தில் ஆண்டுக்கணக்காகவும் அமையும் என்பதை அன்று எவரும் எண்ணினாரல்லர்.

தோமஸ் அல்வா எடிசனின் உதவியாளராய் எக்ஸ் கதிர்க் குழாய்களோடு இடையறாது உழைத்த கிளாரன்ஸ் டாலி, கைகளை இழந்து, 1904ஆம் ஆண்டில் இறந்தார். எடிசன் அவ்வாராய்ச்சியையே கைவிட்டார். அவரைப்போல் உயிர் நீத்தவர் பலர். அவர்களின் நினைவாக 1936ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரிலுள்ள மருத்துவமனையொன்றின் வளவில் எழுப்பப்பட்ட கல்லில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. தோற்புற்றும் குருதிக் கேடும் அவர்களுட் பலரைக் கொண்டுசென்றன. எக்ஸ் கதிரால் நெஞ்சு படபடக்கின்றது என 1897ஆம் ஆண்டிலேயே பிரான்சு தேசத்தில் ஓர் அறிக்கை வெளிவந்ததுண்டு. ஆயினும் அதனைத் தொடர்ந்து ஆராய்வார் அரியராயினர்.

இவ்வாறு இதயம் மறக்கப்பட்டமைக்கு வலுவான அறிவியற் காரணம் ஒன்று இருந்தது. 1906ஆம் ஆண்டில், பிரான்சின் போர்டோ நகரைச் சேர்ந்த ஜீன் பேர்கோனியே, லூயி திரிபொந்தோ என்னும் இருவர், எலிகளின் விதையைக் கதிருக்கு உட்படுத்தி ஆராய்ந்து, விதியொன்றை வகுத்தனர். உடலின் கலங்கள் யாவும் கதிரால் ஒரே வகையில் தாக்கப்படுவதில்லை. விரைந்து பிரிந்து பெருகும் கலங்கள் எளிதில் அழியும். தமக்குரிய இறுதி வடிவைப் பெற்றுப் பிரிவதை விட்டுவிட்ட கலங்கள் கதிரைத் தாங்கி நிற்கும். இதுவே அவ்விதியின் சாரம்.

இவ்விதி உண்மையானது, பயன் மிக்கது. புற்றுநோய்க் கலங்கள் ஓயாது பெருகுவன. ஆதலின் சுற்றியுள்ள நல்ல இழையத்தைக் காத்துப் புற்றுக் கலங்களை அழிக்கலாம் என்னும் நம்பிக்கையை வைத்தியர்களுக்கு அளித்தது இவ்விதியே. எலும்பு மச்சையும் குடலின் உட்புறமும் கதிரால் முதலிற் கெடுவதேன் என்பதையும் அது விளக்கிற்று. பேர்கோனியே தாமும் கதிரால் விரல்களையும் பின்னர் ஒரு கையையும் இழந்து, 1925ஆம் ஆண்டில் உயிர் துறந்தார்.

ஆயினும் அவ்விதியினின்றும் மற்றொரு முடிவும் எளிதாகப் பிறந்தது. இதயத்தின் தசைக் கலங்கள் பிறந்தபின் பெரும்பாலும் பிரிவதில்லை. பிரியாத கலம் கதிரைத் தாங்கும். ஆதலின் இதயம் கதிரைத் தாங்கும் என்று அறிஞர் கொண்டனர். மருத்துவ நூல்களும் இதயத்தைக் கதிருக்கு வளையாத உறுப்புக்களின் வரிசையிலே வைத்தன. தருக்கத்தில் குறையொன்றும் தோன்றாமையால், அதனைச் சோதித்துப் பார்க்கும் முயற்சி நெடுங்காலம் தாழ்த்தது.

இனிக் கதிரானது கலத்தினுள்ளே செய்யும் செயலை அறிதல் வேண்டும். உடல் ஏற்கும் கதிரின் அளவு கிரே என்னும் அலகாற் கூறப்படும். இங்கிலாந்து அறிஞர் லூயி ஹரல்ட் கிரே என்பாரின் பெயரால் 1975ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட அலகு இது. ஒரு கிலோகிராம் இழையம் ஒரு யூல் சக்தியை ஏற்குமாயின் அது ஒரு கிரே ஆகும். முழு உடலும் ஒரே வேளையில் 4 கிரே கதிரை ஏற்று, சிகிச்சையும் பெறாதாயின், அவ்வாறு ஏற்றவருள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இறப்பர். ஆனால் அந்தச் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், உடலின் சூடு ஒரு பாகை சென்றிகிரேட்டின் ஆயிரத்தில் ஒரு பங்களவே உயரும். ஒரு மிடறு சூடான தேநீர் உடலுக்குக் கொடுக்கும் வெப்பம் அதனினும் அதிகம்.

இத்துணைச் சிறிய சக்தி கொல்லும் வலிமை பெறுவது, அது விழும் இடத்தினாலேயாம். தேநீரின் வெப்பம் உடல் எங்கும் பரவிக் கரைந்துவிடும். கதிரின் சக்தியோ நுண்ணிய துணுக்குகளாய்த் தனித்தனி மூலக்கூறுகளிலே விழுந்து, அவற்றினின்றும் இலத்திரன்களைப் பிடுங்குகின்றது. கலத்தின் பெரும்பகுதி நீராதலின், பல வேளைகளில் நீர் மூலக்கூறே முதலில் உடைகின்றது. உடைந்த நீரிலிருந்து ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த, நிலைபெறாத மூலிகங்கள் பிறக்கின்றன. கணத்தினும் சிறிய பொழுதே வாழும் அவை, அப்பொழுதினுள் அருகிலுள்ள எதனையும் தாக்கித் தம் குறையை நிரப்பிக்கொள்ள முயலும். அவ்வாறு தாக்கப்படுவனவற்றுள் முதன்மையானது கலத்தின் கருவிலே இருந்து அதன் வாழ்வை நடத்தும் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழையாகும்.

ஒரு கிரே கதிர், ஒவ்வொரு கலத்திலும் ஏறக்குறைய ஆயிரம் இடங்களில் அவ்விரட்டை இழையின் ஒரு புரியை அறுக்கின்றது. அத்தகைய அறுப்புக்களைக் கலம் எளிதிற் செப்பனிட்டுக்கொள்ளும். ஏறக்குறைய 20 முதல் 40 வரையான இடங்களில் இரு புரிகளும் ஒருங்கே அறுகின்றன. இவற்றுட் சில தவறாகப் பொருத்தப்படுகின்றன. சில பொருத்தப்படாமலே நின்றுவிடுகின்றன. இவ்வாறு பழுதுற்ற கலம் உடனே இறந்துவிடுவதில்லை. அது தன் அன்றாடத் தொழிலைச் செய்துகொண்டே இருக்கும். இரண்டாகப் பிரிய முயலும் வேளையிலேதான் அதன் பழுது வெளிப்பட்டு அது மாளும். பிரியாத கலத்துக்கு அவ்வேளை வருவதில்லை. ஆகவே இதயத் தசை நுணுக்குக்காட்டியின் கீழ் நலமாகவே தோன்றிற்று. 1906ஆம் ஆண்டின் விதி ஏன் மெய்யாயிற்று என்பதும், இதயம் ஏன் தப்பியதெனக் கருதப்பட்டது என்பதும் இதனால் விளங்கும்.

அக்கருத்து வீழ்ந்த வரலாறு, ஒரு பெருவெற்றியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. ஹொட்ச்கின் நோய் என்பது நிணநீர்க் கணுக்களில் தோன்றும் புற்று. பெரும்பாலும் இளம் பருவத்தினரைப் பற்றும் இந்நோய், ஒரு காலத்தில் மரண தண்டனையாகவே கருதப்பட்டது. கனடாவின் தொறன்ரோ நகரைச் சேர்ந்த வேரா பீற்றேர்ஸ் என்னும் பெண் வைத்தியர், தக்க முறையிற் கதிர் பாய்ச்சினால் இந்நோயினர் பலர் நெடுங்காலம் வாழக்கூடும் என்பதை 1950ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்றி கப்லான் என்பார், பௌதிகர் எட்வேட் கின்ஸ்ரனுடன் சேர்ந்து அமைத்த நேர்கோட்டு வேகவளர்கருவியை 1956ஆம் ஆண்டு முதல் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். வலிமை மிக்க கதிரை உடலின் ஆழத்துக்குச் செலுத்த வல்லது அக்கருவி. கழுத்து, அக்குள், நெஞ்சின் நடுப்பகுதி ஆகிய யாவற்றையும் ஒரு மேலங்கி போர்த்ததுபோல் மூடும் வகையில் ஏறக்குறைய 40 கிரே கதிர், பல வாரங்களிற் பகுத்துக் கொடுக்கப்பட்டது. இறந்துபோவர் எனக் கருதப்பட்ட இளைஞர்கள் வீடு திரும்பினர், தொழில் செய்தனர், மணம் புரிந்து மக்களைப் பெற்றனர்.

மேலங்கி போன்ற அக்கதிர்ப்பரப்பின் நடுவே இதயம் இருந்தது. சில மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், நோய் நீங்கியவருட் சிலர் நெஞ்சு நோவும் மூச்சு முட்டலும் கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பி வந்தனர். புற்று மீண்டதோ என ஆராய்ந்தபோது புற்று அங்கே இல்லை. இதயத்தைச் சூழ்ந்த உறை வீங்கி நீர் கோத்திருந்தது. சிலரில் அவ்வுறை தடித்து இதயத்தை இறுக்கியது. இறந்தவரின் இதயத் தசையிடையே நார் படர்ந்திருந்தது. 1967ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட் வைத்தியர்களாகிய கோன், ஸ்ருவேட், பஹார்தோ, ஹன்கொக் ஆகிய நால்வர் இவற்றைத் தொகுத்து, கதிர்வீச்சின் பின் தோன்றும் இதய நோய் என ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். கதிரைத் தாங்கும் உறுப்பு என்று இதயம் பெற்றிருந்த பெயர் அத்துடன் குலைந்தது.

இந்நோய் முன்னர் ஏன் காணப்படவில்லை? முற்காலத்தில் நெஞ்சிற் கதிர் பெற்ற நோயாளர், இதயத்தின் கேடு வெளிப்படும்வரை வாழவில்லை என்பதே பெரிதும் உண்மை. அவர்களைப் புற்று முந்திக்கொண்டது. சிகிச்சை வென்ற பின்னரே அதன் கடன் கணக்கில் வந்தது.

அந்நால்வருள் பஹார்தோவும் ஸ்ருவேட்டும் அடுத்த கேள்வியை எழுப்பினர். தசைக் கலம் பிரியாதது, கதிரைத் தாங்குவது. அவ்வாறாயின் இதயம் கெட்டது எவ்வழியால்? இதனை அறிய அவர்கள் முயல்களின் இதயத்துக்கு ஒரே முறையில் வலிய கதிரைச் செலுத்தி, நாள்தோறும் நிகழும் மாற்றங்களை ஆராய்ந்தனர். முதற் சில நாட்களில் இதயத்தின் எப்பகுதியிலும் குருதியின் வெண்கலங்கள் குவிந்து அழற்சி தோன்றிற்று. பின்னர் அது தணிந்தது. அதன்பின் முயல்கள் நலமாகவே திரிந்தன. சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் இதயம் ஏறக்குறைய நலமாகவே தோன்றியது. ஏறக்குறைய 70 நாட்கள் கழிந்தபின் உறையில் நீர் சேர்ந்தது. தசையிடையே நார் படர்ந்தது.

நலமாகத் தோன்றிய அந்த இடைக்காலத்திலேயே மறைபொருள் இருந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, தசைக் கலங்கள் பெரிதும் கெடாதிருக்க, அவற்றுக்கிடையே ஓடும் மயிர்த்துளைக் குழாய்களின் உட்சுவர் பழுதுபட்டிருப்பது தெரிந்தது. அச்சுவரின் கலங்கள் வீங்கிக் குழாயின் வழியை அடைத்தன. சில இடங்களிற் குருதி உறைந்து கட்டியாகி நின்றது. அடைபட்ட குழாய்கள் அழிய, எஞ்சியவை போதாவாயின. 1973ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இதுவே: கதிர் முதலில் தாக்குவது தசைக் கலத்தையன்று, அதற்கு உணவூட்டும் நுண்குழாயின் உட்சுவரை. தசை பின்னர் பட்டினியால் மடிகின்றது.

வாய்க்காலும் வயலும் இதற்கு ஏற்ற உவமையாகும். வயலில் நின்ற பயிரைத் தீ தீண்டவில்லை. ஆயினும் நீர் கொணரும் சிறு வாய்க்கால்கள் தூர்ந்து போயின. பயிர் ஒரே நாளில் வாடிவிடாது; ஈரம் உள்ளவரை பசுமையாகவே நிற்கும். வாடிய நாளில் வந்து பார்ப்பவன் பயிரையே நோக்குவான். தூர்ந்த வாய்க்காலை நோக்கான்.

நுண்குழாயின் உட்சுவரை ஆக்கும் கலங்களுக்கு அகவணிக் கலங்கள் என்று பெயர். இதயத்தின் பருமனிற் பெரும்பகுதி தசைக் கலங்களேயாயினும், எண்ணிக்கையில் அவை பாதிக்கும் குறைவே. எஞ்சியவை அகவணிக் கலங்கள், நார்களை ஆக்கும் கலங்கள், காவல் செய்யும் வெண்கலங்கள் முதலியன. செங்குருதிக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே நுழையத்தக்க மெல்லிய குழாய்கள், ஒவ்வொரு தசைக் கலத்தையும் ஒட்டி ஓடுகின்றன. ஓய்வறியாத தசைக்கு ஒட்சிசன் கணந்தோறும் வேண்டும். அத்தசைக் கலத்தின் பருமனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, ஒட்சிசனைக்கொண்டு சக்தியை ஆக்கும் இழைமணிகளால் நிறைந்திருப்பதே அதற்குச் சான்று.

பிற்கால ஆராய்ச்சிகள் அகவணியின் கேட்டைப் படிப்படியாக விளக்கின. நலமுள்ள அகவணி வழுவழுப்பானது, குருதியை உறையவிடாது. கதிர் பட்டபின் அது தன் பரப்பில் ஒட்டும் புரதங்களை வெளிப்படுத்துகின்றது. வழியே செல்லும் வெண்கலங்கள் அவற்றிற் சிக்கிச் சுவரினுள் நுழைகின்றன. அழற்சி மூள்கின்றது. பழுதுற்ற அகவணிக் கலங்கள் சில இறக்கின்றன. சில இறவாமலே முதுமையடைந்து, பிரியும் ஆற்றலை இழந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்தவண்ணம் இருக்கின்றன. டி.ஜி.எஃப். பீற்றா என வழங்கும் புரதம் மிகுந்து, நார் ஆக்கும் கலங்களை ஏவுகின்றது. அவை கொலாசன் என்னும் நாரைத் தேவைக்கு மிஞ்சிப் படைக்கின்றன. மெத்தென்று விரிந்து குருதியை ஏற்கவேண்டிய இதயம் விறைத்துப்போகின்றது. தசைக் கலத்தின் இழைமணிகளும் கதிருக்கு முற்றும் தப்புவதில்லை; பழுதுற்ற இழைமணிகள் ஒட்சிசனிலிருந்து தீங்கான மூலிகங்களை மேலும் மேலும் பிறப்பிக்கின்றன. இவ்வாறு, சில நிமிடங்களே பாய்ந்த கதிரின் வேலையை உடலே பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்துகின்றது.

பெரிய குழாய்களிலும் இதுவே நிகழ்கின்றது. இதயத்துக்குக் குருதி கொணரும் முடியுரு நாடிகளின் அகவணி கெட்ட இடத்தில் கொழுப்புப் படிந்து, வெண்கலங்கள் அதனை விழுங்கிச் சுவரைத் தடிக்கச் செய்யும். முதுமையில் வரவேண்டிய நாடி அடைப்பு இளமையிலே வந்துவிடும். வால்வுகள் தடித்துச் சுண்ணமேறும். துடிப்பை ஒழுங்கு செய்யும் மின் தூண்டல் செல்லும் பாதையில் நார் விழுந்தால் துடிப்புத் தடுமாறும். உறை, தசை, நாடி, வால்வு, தூண்டற் பாதை எனப் பெயர் பலவாயினும் கேட்டின் போக்கு ஒன்றேயாகும்.

இக்கேடு தானே ஆறிவிடாதது ஏன் என்பதற்குச் சுவீடனிலிருந்து விடை வந்தது; அவ்விடைக்கு வேண்டிய சான்றைத் தந்ததும் கதிர்வீச்சே. 1963ஆம் ஆண்டில் ஒப்பந்தத்தாற் கட்டுப்படுத்தப்படுமுன், வளிமண்டலத்தில் நிகழ்ந்த அணுக்குண்டுப் பரிசோதனைகள் காற்றிற் கதிர்க்காபனாகிய காபன் 14இன் அளவைப் பெருக்கின. அது பயிரிலும், பயிரால் உணவிலும், உணவால் மனிதரின் ஒவ்வொரு புதிய கலத்தின் டி.என்.ஏ.யிலும் சேர்ந்தது. ஒரு கலம் எந்த ஆண்டிற் பிறந்தது என்பதை அக்காபனின் அளவால் அறியலாம். ஸ்ரொக்கோம் நகரின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் பிரிசேன் குழுவினர் இம்முறையால் இதயத்தை ஆராய்ந்தனர். 25 வயதில் ஆண்டொன்றுக்குத் தசைக் கலங்களில் ஏறக்குறைய 1 விழுக்காடே புதிதாகின்றன என்றும், 75 வயதில் அது 0.45 விழுக்காடாகக் குறைகின்றது என்றும் 2009ஆம் ஆண்டில் அறிவித்தனர். இழந்த தசையை இதயம் ஈடு செய்யாதது இதனாலேயாம். 2015ஆம் ஆண்டில் அதே குழுவினர் மற்றொன்றையும் கண்டனர். இதயத்தின் அகவணிக் கலங்கள் ஆண்டுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் புதுப்பிக்கப்படுகின்றன.

ஆகவே பேர்கோனியேயும் திரிபொந்தோவும் வகுத்த விதி இதயத்திலும் பொய்க்கவில்லை. பிரியும் கலம் கெடும் என்றது விதி. இதயத்திற் பிரியும் கலம் அகவணியே. அதுவே முதலிற் கெட்டது. அகவணிக் கலங்கள் குடற் கலங்களைப்போல் நாள்தோறும் பிரியாமல் மெல்லப் பிரிவன. அதனாலேயே அவற்றின் பழுதும் மெல்ல வெளிப்பட்டது. இதயம் என்றால் தசை என்று எண்ணியதிலேயே தவறு இருந்தது.

சிகிச்சைக்குரிய வலிய அளவுகளைப் பற்றியே இதுகாறும் கூறப்பட்டது. சிற்றளவுக் கதிரும் இதயத்தைத் தீண்டுமோ என்னும் வினாவுக்கு விடை, யப்பானின் துயரத்திலிருந்து வந்தது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோசிமாவிலும், 9ஆம் நாள் நாகசாக்கியிலும் அணுக்குண்டுகள் வீழ்ந்தன. தப்பியவர்களின் வாழ்நாளை 1950ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர் பின்தொடர்ந்து வந்தனர். முன்னர் கவனத்தைக் கவர்ந்தவை குருதிப்புற்றும் பிற புற்றுக்களுமே. 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 86,611 பேரின் வரலாற்றை 2003ஆம் ஆண்டுவரை கணக்கிட்டது. அவர்களுள் ஏறக்குறைய 8,400 பேர் இதய நோயால் இறந்திருந்தனர். ஏற்ற கதிர் ஒரு கிரே உயர, இதய நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 14 விழுக்காடு உயர்ந்தது. அரைக் கிரேக்கும் குறைந்த அளவுகளில் இத்தொடர்பு எத்தகையது என்பது தெளிவாகத் துணியப்படவில்லை. 2012ஆம் ஆண்டில் கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு, இதயத்துக்கும் குருதிக்குழாய்களுக்கும் 0.5 கிரேயை எச்சரிக்கைக்குரிய அளவாக வகுத்தது.

மார்புப் புற்றுக்குக் கதிர் பெற்ற பெண்களின் வரலாறும் இதனோடு இயைந்தது. இதயம் இடப்புறம் சாய்ந்திருத்தலின், இடமார்பிற் கதிர் பெற்றவரின் இதயம் வலமார்பிற் பெற்றவரின் இதயத்தைவிட மிகுந்த கதிரை ஏற்கும். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா டார்பி குழுவினர், சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை கதிர்ச் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்களின் இதயம் ஏற்ற சராசரி அளவு 4.9 கிரே. ஒவ்வொரு கிரேக்கும் முடியுரு நாடி நோய் 7.4 விழுக்காடு மிகுந்தது. அம்மிகுதி சிகிச்சையின் பின் ஐந்தாண்டுக்குள்ளேயே தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு அப்பாலும் நீடித்தது.

இத்தகைய எண்களைக் கேட்டு அஞ்சுவோர் மற்றோர் எண்ணையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். வேறு இதயக் குறையில்லாத 50 வயதுப் பெண்ணொருத்தி 80 வயதுக்குள் நாடி அடைப்பால் இறக்கும் வாய்ப்பு 1.9 விழுக்காடாயின், இதயம் 3 கிரே ஏற்றபின் அது 2.4 விழுக்காடாகும் என அதே ஆய்வு கணக்கிட்டது. சிகிச்சையைத் தவிர்ப்பதால் புற்று மீளும் அபாயம் பலருக்கு இதனினும் மிகப் பெரிது. மார்பைப் படம் பிடிக்கும் சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் உடல் ஏற்பதோ, ஒரு கிரேயின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு அல்லது அதனினும் குறைவு. வைத்தியர் வேண்டிய படத்தை அஞ்சி மறுப்பதில் நன்மை யாதும் இல்லை.

கேட்டின் வழியை அறிந்ததும் அதனைத் தடுக்கும் வழியும் பிறந்தது. ஹொட்ச்கின் நோயினருக்குக் கதிர் பாய்ச்சுகையில் இதயத்தை ஈயத்தால் மறைக்கும் முறையை ஸ்ரான்போர்ட் வைத்தியர்கள் வகுத்தனர். இதய உறை முழுவதும் கதிருக்கு உட்பட்ட காலத்தில் 20 விழுக்காட்டினரைப் பற்றிய உறை அழற்சி, அம்மறைப்பின் பின் 2.5 விழுக்காட்டினரையே பற்றிற்று என 1976ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். பின்னர் மருந்துகளின் துணையால் கதிரின் அளவும் பரப்பும் குறைக்கப்பட்டன. கணினி, உடலின் குறுக்குவெட்டுப் படங்களைக்கொண்டு கதிரின் பாதையை அளந்து வகுக்கின்றது. இடமார்பிற் கதிர் பெறும் பெண்ணை ஆழ்ந்து மூச்சிழுத்துச் சில விநாடிகள் அடக்குமாறு வைத்தியர் பணிப்பதும் உண்டு. நுரையீரல் நிறைந்து விரிய, இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகிப் பின்னும் கீழுமாகச் செல்கின்றது. அவ்விடைவெளியிற் கதிர் பாய்கின்றது.

முன்னொரு காலத்தில் நெஞ்சிற் கதிர் பெற்றுப் பிழைத்தோர் உலகெங்கும் வாழ்கின்றனர். தமக்கு ஒரு காலம் கதிர்ச் சிகிச்சை நிகழ்ந்தது என்பதை ஒவ்வொரு வைத்தியரிடமும் அவர்கள் கூறுதல் நன்று. குருதி அழுத்தத்தையும் கொழுப்பையும் அளந்து பார்த்தலும், புகைத்தலை அறவே விடுத்தலும், உரிய காலங்களில் இதயத்தைச் சோதித்தலும் பிறரைவிட அவர்களுக்கு இன்றியமையாதவை. ஒரு முறை கெட்ட அகவணியின்மேல் புகையும் கொழுப்பும் கூடுதலாக வந்து சேருமாயின், கேடு இரட்டிக்கும்.

நோவில்லாத காலத்தை நலமுள்ள காலமென்று கொள்ளலாகாது என்பதைப் பெக்கரெலின் சட்டைப்பைப் புண் 1901ஆம் ஆண்டிலேயே காட்டியது. அந்தப் பாடத்தை இதயத்துக்கும் பொருத்திப் பார்ப்பதற்கு, நோயினின்றும் மீண்டு நெடுநாள் வாழ்ந்த மனிதர் தேவைப்பட்டனர். அவர்களின் நோவிலிருந்து பெற்ற அறிவே, இன்று கதிர்க் கருவியின் கீழ் மூச்சை அடக்கிப் படுத்திருக்கும் நோயாளியின் இதயத்தைக் காத்து நிற்கின்றது.